பதினோரு அங்குலக் குரூப் போட்டோ

1. படத்தில் இருந்தவர்கள்

நாற்காலியில் இருப்பவர்கள், இடமிருந்து வலமாக: பொருளாளர், பத்திரிகை ஆசிரியர் தங்கராஜ், ஆலோசகரான ஆங்கிலப் பேராசிரியர், துணை ஆசிரியர், விளம்பரச் செயலாளர். பின்னால் நிற்பவர்கள்: குழு உறுப்பினர்கள் ஆறு பேர். இந்த ஆறு பேரில் ஒருவரும் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதியதில்லை. சிலர் அதைப் படித்ததும் இல்லை. படத்தில் இல்லாதவர்: உதவி ஆசிரியர்.

அந்த உதவி ஆசிரியர் நான்தான். அவர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்ற நேரத்தில் நான் திண்டுக்கல் கடைத்தெருவில், காதர் பாயின் பிரஸ்ஸில், பக்கம் கட்டுமுன் எடுக்கும் கேலி புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். போட்டோக்காரர் வருகிறார் என்று எனக்குச் சொல்லியனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் படம் செய்த காரியத்தைப் பார்த்த பிறகு வருத்தம் போய்விட்டது.

இப்போது மதுரையில் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் ரீடராக இருக்கிறேன். கல்லூரிப் பத்திரிகை நடத்தப்போகிறோம் என்று தம்பிகள் சிலர் யோசனை கேட்க வருகிறார்கள். எடுத்த எடுப்பில் அவர்கள் கேட்பது, "போட்டோ போட எம்புட்டுண்ணே ஆகும்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. பத்திரிகை என்று பேர்

எங்கள் பத்திரிகை சைக்ளோஸ்டைல் தாளாகப் பிறந்தது. ஆபீசில் மிஞ்சிய ஸ்டென்சிலில் அடித்து, கையெல்லாம் மையாக்கிக்கொண்டு யாரோ நாலு பேர் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பழைய தாள்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் பாதி தெரியாது. ஆனால் தெரிந்த பாதியில் விஷயம் இருந்தது. பிறகு அது பிரஸ்ஸுக்குப் போனது. எழுத்து தெளிந்தது, விஷயம் மறைந்தது.

நான் சேர்ந்த காலத்தில் நாலு பக்கம். மாதம் ஒன்று என்பது திட்டம், பருவத்துக்கு ஒன்று என்பது நடப்பு. முதல் பக்கம் முதல்வரின் வாழ்த்துரை. இரண்டாம் பக்கம் விழாவில் யார் யாரைப் புகழ்ந்தார்கள் என்ற விவரம். மூன்றாம் பக்கம் நிலவைப் பற்றிய கவிதைகள். நாலாம் பக்கம் பூட்டுக்கடை, புகையிலைக் கடை, பிரியாணிக் கடை விளம்பரங்கள். படிக்கத் தகுந்தது நாலாம் பக்கம்தான். அதில் பொய் குறைவு.

ஆசிரியர் தங்கராஜ் வெங்காய மண்டி முதலாளியின் மகன். அவன் அப்பா விளம்பரம் தருவார் என்பதே ஆசிரியர் ஆவதற்கு அவனுக்கிருந்த தகுதி. எனக்கு அந்த மாதிரித் தகுதி எதுவும் இல்லை. கன்னிவாடிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் ஏறியவன் நான். அச்சில் வந்த எழுத்து என்றால் கும்பிடக்கூடிய வஸ்து என்று நினைத்திருந்தேன். அதனால் மேட்டர் கேட்டு அலைவது, பிரதி எடுப்பது, பிரஸ்ஸுக்கு நடப்பது, புரூஃப் பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் கூட்டம் போட்டு டீ குடித்தார்கள்.

3. நாலரை பஸ்

வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து படித்த பையன்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். என் சிநேகிதன் செல்லையா அவர்களில் ஒருவன், பி.எஸ்ஸி. மாணவன். அவர்கள் ஊருக்குத் திரும்ப நாலரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் இருட்டின பிறகுதான். அதில் போய் இறங்கினால் வீட்டுக்கு வயல்வரப்பில் நடக்க வேண்டும். ஆனால் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ஐந்து மணிவரை. செல்லையா சோதனையை முடித்துவிட்டு நாலேகாலுக்குக் கிளம்புவான். கடைசியில் ஆஜர் எடுக்கும்போது அவன் இருக்க மாட்டான். அன்றைய பிராக்டிகல் முழுவதும் ஆப்சென்ட்.

இப்படியே ஆப்சென்ட் சேர்ந்து அட்டென்டன்ஸ் குறைந்துபோனது. குறைந்தவர்களில் யாரை மன்னித்துப் பரீட்சை எழுத விடலாம் என்று கல்லூரி கவுன்சில் கூடித் தீர்மானிக்கும். மன்னிப்புக் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. செல்லையாவின் வீட்டில் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் படிப்புக்கு எடுத்துவைத்திருக்கவில்லை.

நேரே முதல்வரிடம் மனுக் கொடுக்கலாமே என்பீர்கள். எங்கள் முதல்வரிடம் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது சொந்தச் சலுகை, ஏற்க முடியாது. இரண்டு பேர் போட்டுக் கொடுத்தால் அது கிளர்ச்சி, ஏற்கவே முடியாது. ஆலோசகர் ஒப்பமிட்டுப் பத்திரிகையில் வந்தால் மட்டும் அது 'மாணவர் கருத்து'. அதை அவர் கவனிப்பார்.

செல்லையா என்னிடம் வந்தான்.

"ஏலே கருப்பையா, உங்க பேப்பர்ல நிலாவுக்கு இம்புட்டு இடம் குடுக்குறீங்களே, நாலரை பஸ்ஸுக்குச் செத்த இடம் குடுக்கக் கூடாதா?"

"போடுறேன் அப்பு."

"நிலாவை விட்டா நாளைக்குப் பாத்துக்கலாம்டா. பஸ்ஸை விட்டா நடக்கணும்."

பக்கத்தில் ஒன்றரைப் பத்தி நிறையும் அளவுக்கு எழுதினேன். பிராக்டிகலைக் காலை நேரத்துக்கு மாற்றினால் போதும், லாப் காலையில் சும்மாதான் கிடக்கிறது, பஸ்ஸுக்காகக் கிளம்பியவர்களின் ஆப்சென்டை மன்னிக்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தேன். ஆலோசகர் படித்துவிட்டு, "நல்லாத்தானப்பா இருக்கு, யாரையும் திட்டல," என்றார். ஆனால் ஒப்பம் இடவில்லை. பக்கம் முழுக்க முடிந்து புரூஃப் வந்தால்தான் ஒப்பமிடுவது அவர் வழக்கம். பக்கம் முழுக்க முடிய வேண்டுமென்றால் படம் வர வேண்டும்.

காதர் பாய் ஈய எழுத்துகளை அடுக்கி என் மேட்டரைக் கம்போஸ் செய்து நூல் போட்டுக் கட்டி ஓரமாக வைத்தார். கவுன்சில் கூட இரண்டு வாரம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

4. சேஸுக்குள் ஏறாத பிளாக்

படத்தை அச்சடிக்க, மரக்கட்டையில் உலோகத் தகடு அறைந்த பிளாக் வேண்டும். அதைச் செய்ய மதுரைக்குப் போனவன் தங்கராஜ். எத்தனை அங்குலம் என்று பிளாக்காரர் கேட்டிருக்கிறார். ஒரு ஆசிரியர் அந்த இடத்தில் பக்கத்தின் அளவைச் சொல்லியிருக்க வேண்டும். தங்கராஜ், "எல்லார் மூஞ்சியும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு வந்தான். பிளாக்காரரும் அப்படியே செய்து கொடுத்துவிட்டார்.

பிளாக் வந்ததும் குழு முழுவதும் பிரஸ்ஸுக்கு வந்தது. அவர்களில் பலர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. காதர் பாய் கட்டை மேல் ஸ்கேலை வைத்தார். சிரித்தார்.

"என்னா தம்பி இது, பதினோரு அங்குலம் இருக்கு?"

"நல்லதுதான பாய்?" என்றான் தங்கராஜ்.

"நல்லதுதான். செவுத்துல மாட்டிக்குங்க. என் சேஸு உள்ளுக்குள்ள அகலம் பத்து அங்குலம்."

சேஸ் என்பது எழுத்துகளையும் பிளாக்கையும் இறுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டம். அதற்குள் அடங்காதது மெஷினில் ஏறாது. அது பிரஸ்ஸுக்கு ஒரு நாள் வந்து போனவனுக்கும் தெரியும். எங்கள் ஆசிரியருக்கு அன்றுதான் தெரிந்தது.

"இரும்பைக் கொஞ்சம் விரிச்சா என்ன பாய்?" என்றார் பொருளாளர்.

"உங்க மண்டையக் கொஞ்சம் விரிச்சா வருமா தம்பி?"

5. யாரை அறுப்பது

மரக்கட்டையோடு சேர்த்து ஒரு ஓரத்தை அறுத்துவிட்டால் அடங்கும் என்றார் பாய். இடது ஓரத்தில் பொருளாளர். வலது ஓரத்தில் விளம்பரச் செயலாளர். இரண்டு பேரும் அதுவரை பத்திரிகையைப் பற்றிப் பேசாத பேச்செல்லாம் அன்று பேசினார்கள்.

"நான் இல்லாம கணக்கு யாருடா பாத்தது?"

"என்னாத்தக் கணக்கு? நான் விளம்பரம் வாங்கலைன்னா நீ எண்ண என்ன இருக்கு?"

"வாங்குனது தங்கராஜு அப்பாகிட்ட. அதுக்கு நீ எதுக்கு?"

சண்டை பெருத்தது. நான் ஒரு வழி சொன்னேன். பிளாக்கை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் போட்டால் அடங்கும், படிப்பவர்கள் தாளைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கருப்பையா, பேப்பரைத் திறந்ததும் நாங்க பதினோரு பேரும் வரிசையாப் படுத்துக் கெடக்கணுமா? ஊரு காலராவுல செத்த மாதிரி?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு அந்த யோசனையும் செத்தது. மறுபடியும் மதுரைக்குப் போய்ச் சின்னதாகப் புது பிளாக் செய்வது என்று முடிவானது. தேர்தல் நேரம் அது. பிளாக்காரரிடம் வேட்பாளர்களின் முகங்கள் வரிசையில் நின்றன. பத்து நாளாகும் என்றார்.

நான் ஆலோசகரிடம் மன்றாடினேன்.

"சார், இந்த இதழைப் படமில்லாம அடிச்சிரலாம். படத்தை அடுத்த இதழ்ல போடுவோம். கவுன்சில் கூடுறதுக்குள்ள பஸ் செய்தி வரணும் சார்."

அவர் தங்கராஜைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். உண்மையிலேயே அவனுக்கு நான் சொன்னது புரியவில்லை.

"போட்டோ இல்லாம எதுக்குடா பேப்பரு?" என்றான்.

அந்தப் பத்திரிகையின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

6. பிரித்துப் போட்ட எழுத்து

அடுத்த வாரம் பிரஸ்ஸுக்குப் போனால் காதர் பாய் பரபரப்பாக இருந்தார். தை மாதக் கல்யாணப் பத்திரிகைகள், அதன் மேல் தேர்தல் நோட்டீஸ்.

"தம்பி, என் எழுத்து அம்புட்டும் உங்க பேப்பர்ல மாட்டிக் கெடக்கு. நோட்டீஸ் அடிக்க எழுத்து இல்ல. பிரிச்சுப் போடப்போறேன்."

"எதைப் பிரிக்கப்போறீங்க பாய்?"

"அந்தப் பஸ்ஸு மேட்டரத்தான். உங்க எடிட்டர் நேத்தே சொல்லிட்டாருல்ல? புது போட்டோவுக்குக் கீழ எல்லாரு பேரும் வரணுமாம், எடம் பத்தலையாம். அதை மூணு வரியாச் சுருக்கச் சொன்னாரு."

நிலாக் கவிதைகளைப் பிரிக்கச் சொல்லவில்லை. அதில் ஒன்று தங்கராஜ் எழுதியது.

பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு கேலி புரூஃப் எடுத்துத் தரும்படி கேட்டேன். பாய் மையைத் தடவி, தாளை வைத்து, உருளையை உருட்டிக் கொடுத்தார். மை காயாத தாளை எடுத்துக்கொண்டு ஆலோசகர் வீட்டுக்கு நடந்தேன். இதில் ஒப்பமிட்டுத் தந்தால் முதல்வரிடம் காட்டிவிடுவேன் என்றேன். "இது புரூஃப் அப்பா, பத்திரிகை இல்லையே," என்று சொல்லிக் காபி கொடுத்தார். காபியில் குறையில்லை.

ஒப்பமில்லாமலே முதல்வரிடம் போனேன். அவர் தாளை நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"பத்திரிகையில வரட்டும் தம்பி, பாக்கலாம்."

"பத்திரிகை வாரதுக்குள்ள கவுன்சில் கூடிரும் சார்."

"அப்போ சீக்கிரமாக் கொண்டாங்க," என்றார். கேலி செய்யவில்லை. எனக்கு நல்ல வழி காட்டியதாகவே நினைத்துக்கொண்டு விரலில் ஒட்டிய மையைத் துடைத்தார்.

7. மூன்று வரி

கவுன்சில் கூடியது. மன்னிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். செல்லையாவின் பெயர் இல்லை.

புது பிளாக் அதற்குப் பிறகு வந்தது. அளவு சரி. ஆனால் மூஞ்சி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நெருக்கமான புள்ளியில் செய்யச் சொல்லியிருக்கிறான் தங்கராஜ். அது வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு உரியது. எங்கள் சொரசொரப்பான நியூஸ் பிரின்டில் பதினோரு பேரும் கரிப்பானையின் அடிப்பாகம் மாதிரி விழுந்தார்கள். உடனே ஆர்ட் பேப்பர் வாங்கி, படத்தைத் தனியாக அடித்து, ஒவ்வொரு பிரதியிலும் பசை தடவி ஒட்டினார்கள். அதற்கு மட்டும் குழு உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இது இருந்தது: 'பேருந்து நேரம் குறித்து மாணவர் சிலர் கருத்துத் தெரிவித்துள்ளனர். நிர்வாகம் ஆவன செய்யும் என நம்புகிறோம்.' முதல்வர் அதைப் படித்தார். என் புரூஃபில் பார்த்த யோசனை நினைவிருந்தது போலும், உடனே பிராக்டிகலைக் காலைக்கு மாற்றி உத்தரவு போட்டார். அந்த மூன்று வரியை ஒரு மாதம் முன்னால் படமில்லாமல் அடித்திருந்தால் போதும்.

செல்லையா பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எல்லாரும் நல்லா வெளங்குறாங்கடா. இதுல என்னைய ஒரு வருஷம் ஒக்கார வச்சவன் யாரு?"

"எல்லாருந்தான்."

"ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். மறு வருஷம் தம்பிமார்களோடு உட்கார்ந்து அந்தப் பருவத்தைத் திரும்பப் படித்தான்.

பத்திரிகை நடத்தப்போகும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பிளாக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பிரஸ்ஸுக்குப் போய் சேஸை அளந்து பாருங்கள். எந்தத் தாளில் அடிக்கப்போகிறீர்கள் என்று பிளாக்காரரிடம் சொல்லுங்கள். இவை இரண்டும் தொழில். மூன்றாவது ஒன்று உண்டு. சேஸுக்குள் முதலில் செய்தியைப் பூட்டுங்கள். இடம் மிஞ்சினால் உங்கள் முகம். மிஞ்சாவிட்டால் வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

செல்லையாவின் அப்பா இரண்டாம் தடவை கட்டிய பருவச் சம்பளம் எண்பத்தாறு ரூபாய். முதல் பிளாக், இரண்டாம் பிளாக், ஆர்ட் பேப்பர், மதுரைக்குப் போய்வந்த ரயில், பசை எல்லாம் சேர்த்து அந்தப் படத்துக்கு ஆனது நூற்றுப் பதினொரு ரூபாய் ஐம்பது நயா பைசா.