மழையில் பிடிக்கும் கட்டை

மலைநகரமான பாகியோவின் சந்தையில், காய்கறிக் கடைப் படிக்கட்டுக்குக் கீழே, கரி மூட்டைகளுக்கும் துடைப்பக் கடைக்கும் நடுவில் ருஃபினா உட்கார்ந்திருப்பாள். அவள் விற்பது சலெங் மட்டும்தான். பைன் மரத்தில் பிசின் ஊறிச் சிவந்துபோன வைரக்கட்டையை விரல் கனத்துக்குக் கீறி, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி வைத்திருப்பாள். வருஷத்தில் பாதி மழையும் மூடுபனியுமாகக் கழிகிற மலையில் அது இல்லாமல் அடுப்பு பற்றாது. வயதில் மூத்தவர்கள்கூட அவளை மனாங் என்று அக்கா முறை வைத்தே கூப்பிட்டார்கள்.

மலையேறிக் கூடாரம் போட வரும் பட்டணத்துப் பிள்ளைகள் வெளுத்துக் காய்ந்த கட்டைத்தான் முதலில் எடுப்பார்கள்.

“மனாங், இது நல்லா காஞ்சிருக்கு. இதையே குடுங்க.”

“அது வெயில் நாளைக்கு, தம்பி. மழைல ஏமாத்திரும். மோந்து பாரு, வாசனை மூக்குல ஏறுதா?”

“இல்லையே.”

“அது வெறும் வெளிறு, பிசின் ஊறாதது. அந்தச் செவப்பை எடு. கை கனக்குதா?”

“இது ஈரமால்ல இருக்கு?”

“ஈரம் மேலதான். உள்ள பூராவும் பிசின், தண்ணி போக எடம் ஏது?”

சொல்லிவிட்டு, ஒரு சிராயைத் துடைப்பக்காரியின் வாளித் தண்ணீரில் முக்கி, ஒரு உதறு உதறி, தீக்குச்சியைக் காட்டுவாள். சிராய் சீறிக்கொண்டு பிடிக்கும். கறுப்புப் புகை சுருளும், உருகிய பிசின் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழும்.

“ஒருநாள் என் கடையும் சேந்து எரியப்போகுது, மனாங்” என்பாள் துடைப்பக்காரி.

“எரிஞ்சா என் கட்டைக்கு நல்ல விளம்பரம்தான்.”

இந்தத் தேர்ச்சி அவள் கூடவே பிறந்ததல்ல. அவள் பிறந்த ஊர் கீழே சமவெளியில், அடுப்பெரிக்க வைக்கோலும் தென்னை ஓலையும் இருக்கும் இடம். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மாலைவரை அடுப்போடு போராடினாள். தங்கச் சுரங்கத்திலிருந்து உடம்பெல்லாம் சேறாகத் திரும்பிய அவள் கணவன் அகாபிட்டோ, வீடு நிறையப் புகையையும் அதன் நடுவில் அழுதுகொண்டிருந்த பெண்டாட்டியையும் பார்த்தான். பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

“சிரிங்க, சிரிங்க. நாளைலருந்து பச்சை அரிசியைத்தான் மெல்லணும்.”

“மெல்லுறேன். நீ அழுகையை நிறுத்து, இருக்குற ஈரம் போதும்.”

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது, எப்போதோ வெட்டுப்பட்டு அழுகிப்போன ஒரு பைனின் அடிக்கட்டையிலிருந்து ஒரு துண்டைத் தோளில் சுமந்து வந்தான். வெளியெல்லாம் உளுத்திருந்தது. உள்ளே மட்டும் இறைச்சி போலச் சிவப்பு. அதை ருஃபினா தனக்குத் தெரிந்த விதத்தில் கீறிப் பார்த்தாள், முகர்ந்தாள், தண்ணீரில் போட்டாள், மூழ்கியது. மெல்லிய சீவலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் போல ஒளி ஊடுருவியது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் அடுப்பு பற்றாத நாள் இல்லை. அடுத்த வருஷம் அக்கம்பக்கத்தார் கேட்டு வந்தார்கள், அதற்கடுத்த வருஷம் சந்தைக்குப் போனாள். பிட்டோ என்று எல்லோரும் கூப்பிட்ட அகாபிட்டோ எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும் வரும்போது ஒரு கட்டையோடுதான் வந்தான். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவன் கொண்டுவந்த விளையாட்டுச் சாமான் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் சூறாவளி வந்த வாரத்தில் மலை சரிந்தது. சுரங்க வாயிலில் ஆட்கள் தங்கியிருந்த கொட்டகைமேலேயே சரிந்தது. சிலரை எடுத்தார்கள். பிட்டோ கிடைக்கவில்லை. மண் இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பதாகச் சொல்லி, தோண்ட வந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அந்த ஊரில் சாவு விழுந்தால் அழுகைச் சத்தத்துக்கு முன்னால் புகை தெரியும். செத்தவர் வீட்டு வாசலில் சலெங் கொளுத்துவார்கள். எதிர்மலையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கை வேலையைப் போட்டுவிட்டு அரிசியோடும் விறகோடும் கிளம்புவார்கள். அந்தத் தீ எரியாமல் துக்கம் தொடங்காது, பன்றி அறுபடாது, பெரியவர்கள் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கொளுத்திய தீ அடக்கம் முடியும்வரை அணையவும் கூடாது. அணைந்துபோனால், அங்கே சாவே இல்லை, யாரோ தவறாகக் கொளுத்திவிட்டார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பிணம் கிடைத்த வீட்டுக்காரர்கள் ருஃபினாவிடம்தான் வந்தார்கள். அவர்களுக்கு அவள் இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தாள். அங்குமிங்குமாக அந்தப் புகைகள் மழைக்குள் எழுந்தன. அவள் வாசல் மட்டும் சும்மா கிடந்தது.

பிட்டோவின் அண்ணன் எலியாஸ் வந்தான். பட்டணத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன், அவன் வீட்டில் காஸ் அடுப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்து வந்திருந்தான்.

“கொளுத்திரலாம்மா, ருஃபினா.”

“யாருக்கு, மனோங்?” என்று அண்ணன் முறை வைத்தே கேட்டாள்.

எலியாஸ் தரையைப் பார்த்தான். “நீ இப்படிக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? எவ்வளவு நாளு அவன் மழைல உக்காந்திருப்பான்? நாம வெளிச்சம் காட்டினாத்தான வழி தெரியும்.”

“வழி தெரியாத ஆளா அவரு? முட்டக் குடிச்சிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டு வந்தாக்கூட நேரா இங்கதான் வருவாரு.”

பெரியவர் சிரித்துவிட்டார். உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருஷமும் சொல்லாம கொள்ளாம வேற சுரங்கத்துக்குப் போனாரு. கட்டையைத் தூக்கிட்டு வரலையா?”

“அப்ப மலை சரியலையே, புள்ள” என்றார் பெரியவர்.

“உடம்பு வரட்டும். நானே கொளுத்துறேன்.”

“உடம்பு வராது” என்றான் எலியாஸ். அதற்குமேல் அவளிடம் கேட்கவில்லை.

அவன் குனிந்து, வீட்டுக்கு அடியில் இருந்த கொட்டிலுக்குள் போவதை அவள் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். மேலே அடுக்கியிருந்தது வெயில் கட்டு. சுக்காகக் காய்ந்து, வெள்ளையாக, பார்க்க அழகாக இருக்கும். சிவப்புக் கட்டெல்லாம் கீழே, ஈரத் தரையோடு கிடந்தது. எலியாஸ் மேலே இருப்பதைத் தட்டிப் பார்த்தான். கிண்ணென்ற சத்தம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டான்.

‘அது இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ருஃபினா சொல்லவில்லை.

வாசலில் தீ பிடிப்பது போலப் பிடித்தது. குவியலாக ஒரு வெள்ளைப் புகை எழும்பி மூடுபனியோடு கலந்தது. எலியாஸ் குடையைப் பிடித்துக்கொண்டு ஊதினான். இருமினான். மண்ணெண்ணெய் கேட்டான், இந்தத் தீயில் அதை ஊற்றக் கூடாது என்றார் பெரியவர். கொஞ்ச நேரத்தில் கரியும் ஈரமும்தான் மிச்சம்.

“சலெங் விக்கிறவ வாசல்லயே சலெங் பிடிக்கலையே” என்றார் பெரியவர்.

“அவனுக்கே இஷ்டமில்லை போல” என்று எலியாஸ் எழுந்தான்.

உள்ளே நின்றிருந்த ருஃபினாவுக்கு அந்தச் சொல் சூடான கஞ்சி போல வயிற்றில் இறங்கியது. பிட்டோவுக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. பல நாளைக்குப் பிறகு அன்று அவளுக்குப் பசித்தது.

மழை கொஞ்சம் விட்டபோது கீழே பாதையில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. எதிர்மலையில் வாழ்க்கைப்பட்ட பிட்டோவின் தங்கை டொமிங்கா. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறாள், பாவாடையெல்லாம் சேறு. மார்போடு ஒரு அலுமினியப் பாத்திரத்தைத் துணி சுற்றி அணைத்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“எங்க அவன்? தூங்குறானா? எழுப்புங்க அந்தக் கழுதையை!” மூச்சு வாங்கியது. “புகையைப் பாத்ததும் நான் தரையில விழுந்துட்டேன், மனாங். அப்புறம் திரும்பிப் பாக்குறேன், புகையைக் காணோம்! அணைச்சிட்டாங்கடின்னு கத்துனேன். கெடைச்சிட்டான், உசுரோட கெடைச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் வாறேன். கோழி அடிச்சுக் கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கு. என்ன எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?”

எலியாஸ் குடையை மடக்கினான். மடக்கிய குடையை மறுபடி விரித்தான். பெரியவர் அணைந்த கரியைப் பார்த்தார். டொமிங்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு போகவில்லை, உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ருஃபினாவுக்குத் தோன்றியது.

அவள் இறங்கி வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அடி இன்னும் சுட்டது.

“மனாங், அவன் உள்ளதான இருக்கான்?”

“உள்ள இல்ல, டொமிங்கா. அணைச்சது நாங்க இல்ல. தப்பான கட்டை. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல.”

உள்ளே போய்ப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, சாக்குத் துணியில் சுற்றியிருந்ததை இழுத்தாள். கடைசியாக வேலைக்குப் போவதற்கு முந்தின வாரம் பிட்டோ கொண்டுவந்த கட்டை. இடி விழுந்த மரத்தின் கணு, தலை அளவு இருக்கும், கருஞ்சிவப்பு. “இதை விக்காத. பெரிய மழை வரும்போது நமக்கு வேணும்” என்று சொல்லியிருந்தான். கோழிக் குழம்புக்கு என்று நினைத்துச் சொன்னவன்.

வாசலில் குந்தி உட்கார்ந்து கத்தியை வைத்தாள். கட்டை பிளந்ததும் வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறியது. ஈர மண்மேல் தட்டைக் கல் ஒன்றைப் போட்டாள். ஒரு சிராயின் முனையை, அறுந்து விழாதபடி, சுருள் சுருளாகச் சீவினாள். அதைச் சுற்றி மற்றவற்றைக் காற்றுப் போக இடம் விட்டுச் சாய்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எலியாஸ் குடையை அவள் தலைக்குமேல் நீட்டினான்.

“வேண்டாம், மனோங். இதுக்குக் குடை வேண்டாம்.”

தீக்குச்சியைக் கிழித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பிடிக்காமல் போகட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. கையோ பழகினபடி சுடரைச் சீவலின் அடியில், சரியான இடத்தில் வைத்தது. கட்டை சீறியது. பிடித்துக்கொண்டது.

கறுப்புப் புகை மழையைத் துளைத்துக்கொண்டு நேராக மேலே போனது. டொமிங்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பெரியவர் தொண்டையைச் செருமி, அகாபிட்டோவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

எதிர்மலைச் சரிவில் ஒரு குடை அசைந்தது. பின்னாலேயே இன்னொன்று. ருஃபினா நிமிர்ந்து பார்க்கவில்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது, தீ அணையக் கூடாது. கட்டையைத் திருப்பி வைத்து அடுத்த சிராயைக் கீறினாள்.