எலி எழுந்து நின்ற பக்கம்

செருப்புத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், பசைப் பிரிவுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு நீளமான அறை உண்டு. இரண்டு வரிசை இரும்புத் தொட்டில்கள், தவழும் பிள்ளைகளுக்கு ரப்பர் விரிப்பு, ஜன்னலோரம் கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். வேலைக்கு வரும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இடைவேளை மணி அடித்ததும் பாலூட்ட ஓடி வருவார்கள். அந்த அறையின் ஆயாவை எல்லோரும் ஆயாம்மா என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பசைப் பிரிவிலிருந்து வருகிறவள் எவ்வளவு அவசரத்தில் வந்தாலும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. "அந்த நாத்தம் மூக்குல ஏறினா குழந்தை முகத்தைத் திருப்பிக்கும். அப்புறம் பால் குடிக்கலன்னு எங்கிட்ட வந்து அழுவீங்க" என்பாள். சூப்பர்வைசரே ஒருநாள் பேரனைத் தூக்க வந்து, கை கழுவாததால் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளில் அவளுக்கு உயிராக இருந்தவன் எலி. அது அவள் வைத்த பெயர். தையல் பிரிவில் இருந்த ஒருத்தியின் மகன். தகப்பன் இவன் பிறக்குமுன்பே வீட்டை விட்டுப் போய்விட்டான். பல் முளைக்கும் பருவத்தில் எலி தொட்டிலின் கம்பியைக் கடித்துக் கடித்துப் பெயின்டையே உரித்துவிட்டான். பெயின்ட் வயிற்றுக்குள் போகுமே என்று ஆயாம்மா பழைய துண்டைக் கிழித்துக் கம்பி முழுக்கச் சுற்றி வைத்தாள். காய்ச்சல் வந்தால் தொட்டிலில் கிடக்க மாட்டான். நாள் முழுக்க அவள் இடுப்பில்தான் குடியிருப்பு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், மாலையில் நேரே அந்த அறைக்குத்தான் வருவான். தொட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, தூங்கும் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்படி சத்தம் போட்டுப் பாடம் படிப்பான்.

"மெதுவாப் படிடா!"

"மெதுவாப் படிச்சா எனக்கே கேக்கல ஆயாம்மா."

அந்த வாய்தான் பின்னாளில் அவனை மேடைக்குக் கொண்டுபோனது. கல்லூரியில் பேசினான், தெருமுனையில் பேசினான், கட்சியில் சேர்ந்து ஊர் ஊராகப் பேசினான். அவன் தேர்தலில் நிற்பதற்கு முந்திய வருஷம் அவன் அம்மா போய்ச் சேர்ந்தாள். வேட்பாளர் ஆனதும் அவன் முதலில் வந்தது ஆயாம்மாவின் வீட்டுக்கு. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை; கூட வந்தவர்கள் படிக்கட்டிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் ஆயாம்மா. மேடையில என் பக்கத்துல நின்னா போதும்."

நின்றாள். அவன் மைக்கைப் பிடித்து, தான் வளர்ந்த தொட்டிலைப் பற்றியும் துண்டு சுற்றிய கம்பியைப் பற்றியும் சொன்னான். "எங்கம்மா தையல் மெஷின்ல இருந்தப்போ என்னைச் சுமந்தது இந்த இடுப்பு. இந்த நாட்டுல எந்தத் தாயும் பிள்ளையை எங்க விடுறதுன்னு தெரியாம நிக்கக் கூடாது!" கூட்டம் எழுந்து கைதட்டியது. ஆயாம்மாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அவனுக்கும் வந்தது.

அவள் நின்றதோடு விடவில்லை. அவன் கேட்காமலே, தன்னிடம் பிள்ளை விட்ட ஒவ்வொருத்தி வீட்டுக்கும் படியேறினாள். "என் கையில வளந்தவன். தப்புப் பண்ணினா எங்கிட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பு."

அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் இதில் ஒட்டுதல் இல்லை. பெரிய அலுவலகக் கட்டிடம் ஒன்றில் அவர் லிஃப்ட் இயக்குகிறவர். "நாள் முழுக்க மேல போறவங்களைப் பாக்குறவன் நான்" என்பார். "மேல போறவன் ஒருத்தனும் லிஃப்ட்காரன் முகத்தைப் பாக்க மாட்டான்."

"உங்களுக்கு யாரைத்தான் புடிக்கும்?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

எலி ஜெயித்தான். சட்டசபை மெம்பர் ஆனான். குழந்தைகளைப் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் அவன் பேச்சு இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமிக்குத் தம்ளரைப் பிடித்துப் பால் புகட்டும் அவன் படம் பேப்பரில் வந்தபோது, ஆயாம்மா அதை வெட்டித் தொட்டில் அறைச் சுவரில் ஒட்டினாள். புதிதாக வரும் தாய்மாரிடம், "இவன் யார் தெரியுமா?" என்று தானே ஆரம்பிப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். அடுத்த மாத இறுதியோடு குழந்தைகள் அறை மூடப்படும் என்று இருந்தது. ஆயாம்மா நேரே மேனேஜரிடம் போனாள்.

"சட்டம் மாறிடுச்சும்மா" என்றார் அவர். "முன்னெல்லாம் பெண்கள் வேலை செய்யுற இடத்துல இந்த ரூம் கட்டாயம். இப்ப நிர்வாகம் விரும்பினா வச்சுக்கலாம், இல்லன்னா வேணாம். நம்ம நிர்வாகம் விரும்பல. அந்த இடத்தை அட்டைப் பெட்டி வைக்கக் கேக்குறாங்க."

அவள் அறைக்குத் திரும்பி வந்தபோது தாய்மார் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் கலக்கம். ஆயாம்மா மட்டும் கலங்கவில்லை.

"எதுக்கு இப்படி நிக்கிறீங்க? எலிக்கு விஷயம் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா விடுவானா? நாளைக்கே போய்ச் சொல்றேன்."

பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, ஏழெட்டு மாதக் கைக்குழந்தையின் தாய், தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஆயாம்மா... அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவள் ஃபோனை எடுத்துக் காட்டினாள். சட்டசபையில் நடந்த வாக்கெடுப்பு அதில் ஓடியது. 'குழந்தைகள் நலம் மற்றும் தொழில் எளிமைச் சட்டம்' என்று சபைத் தலைவர் படித்தார். பெயரைக் கேட்டதும் ஆயாம்மாவுக்குத் தெம்பு வந்தது.

"குழந்தைகள் நலம்னு தானே சொல்றாரு?"

"பேர் அப்படித்தான் ஆயாம்மா. நம்ம ரூமை மூடுறது இதுதான்."

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் தலைவர். வரிசை வரிசையாக எழுந்தார்கள். மூன்றாவது வரிசையில் எலி எழுந்து நின்றான். சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்றவர் காதில் ஏதோ சொன்னார்; அவன் சிரித்தான். எண்ணி முடித்ததும் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை போடு" என்றாள் ஆயாம்மா.

மறுபடியும் எழுந்தான், மறுபடியும் சிரித்தான்.

"இது வேற எதுக்கோ எந்திரிச்சதா இருக்கும். நீங்கல்லாம் எதையாவது மாத்தி மாத்தி ஒட்டுவீங்க, இந்த ஃபோன்ல."

அந்தப் பெண் ஃபோனில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். யார் எதற்கு எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதைச் சட்டசபையே வெளியிடுகிறது. அதை எடுத்து மெதுவாகப் படித்துக் காட்டினாள். பள்ளிகளில் காலைப் பாலை நிறுத்தும் தீர்மானம்: ஆதரவு. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் கருவிகள் வாங்கும் தீர்மானம்: சபையில் இல்லை. வீட்டுத் தொழில்களில் சிறுவர்களை வேலைக்கு வைக்கலாம் என்ற திருத்தம்: ஆதரவு.

"பாலை நிறுத்தினது எப்போ?" என்று கேட்டாள் ஆயாம்மா.

அந்தப் பெண் தேதியைச் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். ஆயாம்மாவும் திரும்பிப் பார்த்தாள். படத்தில் பால் புகட்டிய அதே வாரம்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்: "எங்க வீட்டுல எல்லாரும் உங்களைப் பாத்துத்தான் ஓட்டுப் போட்டோம் ஆயாம்மா." அதில் கோபமே இல்லை. ஒரு வசவாக இருந்திருந்தால் ஆயாம்மா தாங்கியிருப்பாள்.

மறுநாள் அவன் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அவனே எழுந்து வந்தான். "வாங்க வாங்க ஆயாம்மா! சேர் போடுங்கப்பா! யாருன்னு தெரியுதா, என்னை வளத்தவங்க!" டீ வந்தது. ஒரு பையன் படமெடுக்க ஃபோனைத் தூக்கினான்.

"படம் வேணாம்" என்றாள். "எலி, எங்க ரூமை மூடப் போறாங்க."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு."

"நீ எந்திரிச்சியா, இல்லையா?"

அவன் கதவைச் சாத்தச் சொன்னான். "ஆயாம்மா, அது உங்களுக்குப் புரியாது. கட்சி முடிவு பண்ணினா எல்லாரும் எந்திரிக்கணும். நான் ஒருத்தன் உக்காந்திருந்தா மட்டும் சட்டம் நின்னுடுமா? ஆனா அன்னைக்கு நான் பேசினதைக் கேட்டீங்களா? குழந்தைங்களுக்காக அவ்வளவு பேசினேன். பேப்பர்லகூட வந்துச்சு."

"பேசிட்டு எந்திரிச்சியா?"

"என் மனசு உங்க பக்கம்தான் ஆயாம்மா."

"பாலுக்கு?"

"அது பட்ஜெட் விஷயம்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அன்னைக்கு வெளியூர்ல கூட்டம்." சற்று யோசித்துவிட்டு, "குழந்தைகள் தினக் கூட்டம்தான்" என்றான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

ஆயாம்மாவின் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவன் நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தான். குரல் தணிந்து, பழைய எலியின் குரலாக ஆயிற்று. "நீங்க ஏன் கவலைப்படுறீங்க? உங்களை நான் விட்டுடுவேனா? எங்க வீட்டுல பாப்பா பொறந்து நாலு மாசம் ஆச்சு. நம்பி விட ஆள் கிடைக்கல. வேலை முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்க. தனி ரூம் தர்றேன். உங்க கையில வளர்ந்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவன் மனதாரத்தான் சொன்னான்; அதுதான் அவளை அறைந்தது. அவன் பிள்ளைக்கு அவள் கை வேண்டும். பேக்கிங் பெண்ணின் பிள்ளையை எங்கே விடுவது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"உன் பாப்பா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல் வரை கூட வந்தான். அங்கே நின்றவர்கள் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கடி வாங்க ஆயாம்மா" என்றான்.

மாத இறுதியில் அறை மூடப்பட்டது. தொட்டில்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பேக்கிங் பெண் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டு வேலையை விட்டாள். தையல் பிரிவில் ஒருத்தி, ஆறாம் வகுப்புப் படித்த மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திச் சின்னதைப் பார்க்க வைத்தாள். ஆயாம்மாவுக்கு வேலை போயிற்று. வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒற்றை அறையில் அதற்கு மேல் இடமில்லை. ஐந்தாவதைக் கொண்டு வந்தவளைத் திருப்பி அனுப்பிய நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. எலியின் ஆள் ஒருவன் வந்து கூட்டத்துக்கு அழைத்தான். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் எலி கதையை விடவில்லை. தொட்டிலைச் சொன்னான், இடுப்பைச் சொன்னான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆயாம்மா இன்னைக்கு நம்மகூட இல்ல" என்றான்.

கூட்டம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் பசைப் பிரிவில் இருந்த பழைய ஆள் ஒருத்தி அழுதுகொண்டே மூன்று மாடி ஏறி வந்தாள். கதவைத் திறந்த ஆயாம்மாவைப் பார்த்ததும் அலறிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "உயிரோட இருக்கும்போதே இத்தனை பேர் அழுதிருக்காங்க. நான் போனா லிஃப்ட் நின்னுபோச்சுன்னுதான் திட்டுவாங்க."

ஆயாம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். அறை மூடியபோதுகூட அழாதவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். "என்னையக் கொன்னுட்டான். அவன் பேச்சுக்கு நான் செத்தாத்தான் வசதியா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளம்பினாள். முன்பு எந்தெந்த வீட்டுக்கு ஓட்டுக் கேட்டுப் போனாளோ, அந்த வீடுகளுக்கே மறுபடியும் படியேறினாள். "நான் பொறுப்புன்னு சொன்னேன்ல? அதான் வந்தேன்" என்று ஆரம்பித்து, அவன் என்ன பேசினான், எதற்கு எழுந்து நின்றான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலர் உட்கார வைத்துக் கேட்டார்கள். "எல்லாரும் அப்படித்தான் ஆயாம்மா, இது இன்னைக்கு நேத்தா நடக்குது?" என்றார்கள் சிலர். ஒருத்தி, "வளத்த பிள்ளையையே இப்படித் தூத்துறீங்களே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்று இரவு முழங்கால் வீங்கிவிட்டது.

எலி மறுபடியும் ஜெயித்தான். போன தடவையைவிட ஓட்டு வித்தியாசம் குறைவு என்றார்கள். குறைந்ததில் தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. அதை யாரிடமும் கேட்கவும் இல்லை.

இப்போது சட்டசபை நடக்கும் நாட்களில் ஆயாம்மா வீட்டு டிவியில் அதுதான் ஓடும். பிள்ளைகள் நாலும் பாயில் தூங்கும். ஒருநாள் வீட்டுக்காரர் உள்ளே வந்தபோது, பள்ளிக்கூடங்களுக்குப் பழையபடி பால் கொடுக்கச் சொல்லும் தீர்மானம் வந்திருந்தது. யாரோ வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் சத்தமே இல்லை.

"வால்யூம் போச்சா?" என்றார்.

"நான்தான் குறைச்சேன். பேசுறது வேணாம். யார் எந்திரிக்கிறாங்கன்னு மட்டும் பாக்கணும்."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து வாக்கெடுப்பு வந்தது. இங்கொருவர் அங்கொருவராக எழுந்தார்கள். கேமரா வரிசை வரிசையாக நகர்ந்தது. எலியின் நாற்காலி காலியாக இருந்தது.

"உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார் அவர், அவளுக்காக.

"காலையில ஆஸ்பத்திரி திறந்து வச்சான். குழந்தையைத் தூக்கிட்டு நின்னான், பாத்தேன்" என்றாள் ஆயாம்மா. கடைசிக் குழந்தை சிணுங்கியது. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு அதைத் தூக்கினாள்.