மஞ்சள் காரின் முதல் ஐந்து ஞாயிறுகள்

இந்த வருடம் மஞ்சள் கார் முதல் ஐந்து பந்தயங்களில் ஒன்றைக்கூட ஒழுங்காக ஓடி முடிக்கவில்லை. முதலாவதில், கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில், முன்னால் போன இரண்டு பேர் முட்டிக்கொண்டதற்குள் இதை ஓட்டுகிறவனும் போய்ச் செருகினான். இரண்டாவதில் ரயர் வெடித்தது. மூன்றாவதில் பெற்றோல் முடிந்து, கொடி காட்டுகிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றான். நான்காவதில், ரயர் மாற்றுகிற ஒழுங்கைக்குள் கட்டுப்பாட்டை மீறி வேகமாக ஓடினான் என்று தண்டித்துப் பின்னுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவதில் எஞ்சினே புகைந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஒருவரையும் பார்க்காமல் நடந்துபோனதை ரீவியில் காட்டினார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது.

மொன்றியலில் ஸ்டொக் கார் பந்தயம் பார்க்கிற தமிழன் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் இருக்கிறது, பிள்ளைகளோடு சேர்ந்து ஹொக்கி பார்க்கிறார்கள். தெருவில் ஓடுகிற கார்களைப் போலத் தோற்றமுள்ள நாற்பது கார்கள் ஒரே வட்டத்தில் மூன்று நான்கு மணித்தியாலம் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். "திருவிழாவிலை உருண்டு பிரதட்டை அடிக்கிறவன்கூட ஒரு சுத்தோட எழும்பிடுவான் அண்ணை," என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தேழு வருடமாகப் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். வேலைக்கு வந்த புதிதில் எங்கள் சாப்பாட்டு அறை ரீவியில் ஒரு கியூபெக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பந்தயத்தைத்தான் போடுவார். அவருடைய பிரெஞ்சு எனக்கு விளங்காது, என்னுடைய ஆங்கிலம் அவருக்கு விளங்காது. மஞ்சள் காரைக் காட்டிப் பெருவிரலை உயர்த்துவார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த மஞ்சள் கார் மட்டும் என்னிடம் மிஞ்சியது. அதை இப்போது ஓட்டுகிறவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

பெப்ரவரியில் தொடங்கும் பருவம் நவம்பரில்தான் முடியும். ஆனால் நாலு பந்தயம் ஓடுவதற்குள் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இந்த வருடம் நீலக் காரில் ஒரு புதுப் பெடியன். முதல் மூன்று பந்தயங்களிலும் முதல் ஐந்து இடத்துக்குள் வந்துவிட்டான். வர்ணனையாளர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மஞ்சள் கார்க்காரனை அந்தக் குழு அடுத்த வருடம் வைத்திருக்குமா என்பதுதான் இப்போது பேச்சு. தொடக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவனைத் தூக்கவும் கூடாது, போடவும் கூடாது என்று நான் எத்தனையோ தரம் ரீவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ரீவிக்குப் புத்தி சொல்வது எளிது.

அவனுடைய ஆகச் சிறந்த பருவம் எட்டு வருடத்துக்கு முந்தியது. அந்த வருடமும் தொடக்கம் படு மோசம். கோடைக்குப் பிறகு மூன்று பந்தயங்கள் வென்றான். அந்த வருடம் என் மகள் ஒரு ஞாயிறும் தவறாமல் என் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, மருந்தகம் ஒன்றில் மருந்தாளராக வேலை தொடங்கியிருந்தாள். அதற்கு முன் பந்தயம் ஓடுகிற அறைக்குள்ளேயே வராதவள். அந்த வருடம் தேநீரும் கொண்டுவந்து, காலை மடித்து சோபாவில் ஏறி இருந்துவிடுவாள். ஏன் இப்போது ரயர் மாற்றுகிறார்கள், ஏன் மஞ்சள் கொடி காட்டுகிறார்கள் என்று கேட்பாள். நான் விளக்குவேன். விளம்பரம் போகிற நேரங்களில் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். நவம்பரில் கடைசிப் பந்தயம் முடிந்து நான் ரீவியை நிற்பாட்டிய பிறகும் அவள் எழும்பவில்லை.

"அப்ப இவ்வளவுதானோ அப்பா?" என்று கேட்டாள்.

"பெப்ரவரியிலை திருப்பித் தொடங்கும் பிள்ளை," என்றேன்.

அடுத்த பெப்ரவரியில் அவள் வந்து இருக்கவில்லை. இளம் பிள்ளை, அலுத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். இப்போது ஞாயிறுகளில் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று, "எத்தினையாவதிலை நிக்கிறார் அப்பா?" என்று கேட்பாள். நான் இலக்கத்தைச் சொல்வேன். "ம்," என்றுவிட்டுத் தாயிடம் குசினிக்குள் போய்விடுவாள். எங்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை லீவை ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சிறந்த பருவம் தொடங்கிய பெப்ரவரியில்தான், தான் ஒருவரை விரும்புவதாக வந்து சொன்னாள். ரொறன்ரோப் பெடியன், எங்கள் ஆட்கள்தான். தகப்பன் இல்லை, தாய்க்கு ஒரே பிள்ளை. நான் முதற் காரியமாக அவனுடைய பிறந்த நேரத்தைக் கேட்டேன். ஏனென்றால் எனக்குச் சாத்திரம் தெரியும். வேலையிடத்தில் தமிழ் ஆட்கள் என்னைச் சாத்திரியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பிறந்தவர்கள் எத்தனையோ பேருக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளில் நான் சாதகம் எழுதியது ஒன்றே ஒன்று, அது என் மகளுடையது. ஆயிலியம். ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இருந்தது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு அந்த மனிசிக்குத் தலையிடி காய்ச்சல் வந்தாலும் என் பிள்ளையின் மேல்தான் பழி விழும் என்று பயந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "சரி அப்பா," என்றாள். அடுத்த ஞாயிறு தேநீரோடு வந்து சோபாவில் இருந்தாள். கோபமில்லை என்று நான் நிம்மதிப்பட்டேன். மடையன்.

அந்தப் பெடியன் ஒன்றரை வருடம் கழித்து வேறு யாரையோ கட்டினான். மகள் அதன் பிறகு வந்த கலியாணப் பேச்சு எதற்கும் பிடிகொடுக்கவில்லை.

இந்த வருடம் ஐந்தாவது பந்தயத்தில் எஞ்சின் புகைந்ததைப் பார்த்த என் மனைவி, "இஞ்சேருங்கோ, உந்த மனிசனுக்கு ஏழரைச் சனியாக்கும். ஊருக்கெல்லாம் பாக்கிறியள், அந்தாளுக்கும் ஒருக்காப் பாருங்கோவன்," என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவன் பிறந்த திகதி எல்லா இடத்திலும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு, பனிப் புயலுக்குள் தன்னைப் பெற்றதாகத் தாய் சொல்வாள் என்று அவனே எத்தனையோ பேட்டியில் சொல்லியிருக்கிறான். நிலக்கீழ் அறையில் இருந்த பழைய யாழ்ப்பாணப் பஞ்சாங்கத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். பரணி, மேட ராசி. ஏழரைச் சனியேதான்! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தோம். ஒரு அர்ச்சனை செய்தால் என்ன என்று அவள் கேட்டாள்.

சனிக்கிழமை காலை முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் துண்டு எழுதுகிற இடத்தில் இருந்தவர் எனக்குத் தெரிந்த மனிதர், அவரும் கொஞ்சம் சாத்திரம் பார்ப்பவர். வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னேன், அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதினார். பரணி என்றேன்.

"ஆள் எங்க பிறந்தவர் அண்ணை?"

"அமெரிக்காவிலை."

"அப்ப நேரத்தை ஊர் நேரத்துக்கு மாத்தித்தானே பஞ்சாங்கம் பாத்தனீங்கள்?"

"ஓம், ஓம்," என்றேன்.

மாற்றவில்லை. அந்த இரவு ஒன்பதை யாழ்ப்பாணத்து இரவு ஒன்பது என்றே எடுத்துக்கொண்டு பார்த்திருந்தேன். அங்கே அது அடுத்த நாள் காலை ஏழரை. சந்திரன் அதற்குள் எவ்வளவோ தூரம் போய்விடும். துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே காருக்குப் போனேன். இந்தக் காலத்தில் பஞ்சாங்கம் போனிலேயே இருக்கிறது, பிறந்த ஊரைக் கேட்டுத் தானே நேரத்தை மாற்றிக்கொள்கிறது. அவனுடைய ஊரைக் கொடுத்தேன். கார்த்திகை இரண்டாம் பாதம், இடப ராசி. இடபத்துக்கு இப்போது பதினோராம் இடத்தில் சனி, அதைவிட நல்ல இடம் இல்லை. ரயர் வெடித்ததற்கும் பெற்றோல் முடிந்ததற்கும் சனியன் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு கை தானாக அடுத்ததைத் தட்டியது. மகளுடைய திகதி. ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த மணிக்கூட்டை நானே பார்த்தேன், இரவு எட்டேகால். பிறந்த ஊர் மொன்றியல்.

மகம், முதலாம் பாதம். மகத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்று ஒருவரும் சொல்வதில்லை.

காரை ஸ்ரார்ட் பண்ணாமல் அப்படியே இருந்தேன். கண்ணாடியில் பனி படியத் தொடங்கியது. ஊருக்கு ரெலிபோன் எடுக்க முன் பத்தரை மணித்தியாலம் கூட்டிப் பார்க்கிறவன் நான். ஒரு பெட்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறவன். பெற்ற பிள்ளை பிறந்த அன்று அந்த வித்தியாசம் எனக்கு நினைவில் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, எனக்குள் இன்னும் ஊர் மணிக்கூடுதான் ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அதெல்லாம் சாட்டு. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்ததே, ஒருதரம் திருப்பிப் பார்த்திருக்கலாம். அர்ச்சனையும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. முதலில் மகளிடம் சொல்லவேண்டும் என்று பட்டது. சொன்னால் அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்காமல் விட்டுவிடலாம். அந்த ஞாயிற்றுக் கேள்வியும் போய்விடும். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரவு முழுக்க இதையே முன்னும் பின்னும் யோசித்து, விடிய எழும்பியபோது எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கினவன் போல உடம்பு நொந்தது.

ஞாயிறு ஆறாவது பந்தயம் பாதியில் இருந்தபோது மகள் வந்தாள். கையில் கத்தரிக்காயும் கீரையும் நிறைந்த பை. வாசலில் நின்றாள்.

"எத்தினையாவதிலை நிக்கிறார் அப்பா?"

"பதினாலு," என்றேன். "ஒருக்கா வந்து இரு பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். கோட்டோடு வந்து சோபாவின் விளிம்பில் இருந்தாள், பையைக் காலடியில் வைத்தாள். நான் ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"உன்ர சாதகத்தை நான் பிழையாய் எழுதிப்போட்டன். நேரத்தை மாத்தேல்லை. நீ ஆயிலியம் இல்லை பிள்ளை, மகம்."

அவள் கையுறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினாள்.

"தெரியும் அப்பா."

"எப்ப தெரியும்?"

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்ன அண்டைக்கே. போனிலை போட்டுப் பாத்தனான், ரெண்டு நிமிசம்கூட எடுக்கேல்லை."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் ஓம் எண்டிருப்பீங்கள். மகத்துக்கு ஓம் எண்டிருப்பீங்கள்." அவள் ரீவியைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "அவர் எப்பிடிப்பட்ட ஆள், என்னோட எப்பிடி இருக்கிறார் எண்டு நீங்கள் ஒரு வார்த்தை கேக்கேல்லை அப்பா. பிறந்த நேரத்தை மட்டும்தான் கேட்டீங்கள். என்ன இருந்தாலும் என்ர அப்பா, பிறகெண்டாலும் கேப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"எவ்வளவு நாள் பாத்தனீ?"

"அந்த சீசன் முழுக்க," என்றாள். "ஞாயிறு ஞாயிறாய் வந்து பக்கத்திலை இருந்தனான் தானே."

திரையில் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. விளம்பரம் போகிறபோது பேசாமல் இருந்த அத்தனை நிமிடங்களும் எனக்கு நினைவுக்கு வந்தன. அவள் அப்போது பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தாள். நான் ரயரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நவம்பரில் அவள் கடைசியாகக் கேட்டதற்கு நான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

ரீவியை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன். "அந்தப் பெடியன் எப்பிடிப்பட்ட ஆள் பிள்ளை?"

அவள் கையை நீட்டி என் முழங்காலில் ஒருதரம் தட்டினாள். பிறகு குனிந்து மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"அவருக்கு இப்ப ரெண்டு பிள்ளையள் அப்பா," என்றாள்.