சிவப்பு ஆளுக்கு ஓர் உயிர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை விடுகிற ஆள் நான் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், இருட்டுக் குழிக்குள் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவன். என்னை அவ்வளவு சுலபத்தில் பயமுறுத்த முடியாது.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திறந்திருந்தது. கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

அன்றைக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை விற்பதாக இருந்தேன். எனக்கும் என் அண்ணனுக்கும் சின்ன வயதில் வாங்கித் தந்தது. 'எனக்கும் அண்ணனுக்கும்' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் என்று வாங்கிய எதுவும் என் கைக்கு முழுதாக வந்ததில்லை. சைக்கிளை அவன் மிதிப்பான், நான் பின்னாலேயே ஓடுவேன். கடைசியில், நான் முதல் சம்பளத்தை நம்பி எடுத்த பைக்கையும் ஒருநாள் ஓட்டிக்கொண்டு போனான். "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்றான். பதினோரு வருடம் ஆயிற்று.

ஒரு போன் இல்லை. ஒரு தகவல் இல்லை. அம்மா மட்டும் தன் போன் நம்பரை மாற்றவே இல்லை. வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால், "அவன் வந்து தேடினா?" என்பாள். அவன் கட்டிலைக் கழற்றிப் போடலாம் என்றால், "அவன் வந்து படுக்கணும்னா?" என்பாள். அவன் இருக்கிறானா, இல்லையா? இந்த ஒரு கேள்வியில் எங்கள் வீடு அப்படியே நின்றுபோயிருந்தது. நின்றுபோனதை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. இதை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை.

சரி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவோம் என்று முடிவு செய்தேன். முதலில் இந்தப் பெட்டி. பழைய சாமான் சேர்க்கிற ஒருவர் ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

அதில் ஒரே ஒரு கேசட்தான் உண்டு. துப்பாக்கி விளையாட்டு. அதைச் செய்தவன் என்றைக்காவது என் கையில் கிடைத்தால் இருக்கிறது அவனுக்கு. நடந்துகொண்டே சுட முடியாது, நின்றுதான் சுட வேண்டும். மேலே குறி வைக்க மேல்பட்டனை அமுக்கினால் ஆள் குதித்துவிடுவான். குதித்தவன் அந்தரத்தில் திரும்ப மாட்டான், நேராகப் போய் எதிரியின் மடியில் உட்காருவான். ஒரு தோட்டா பட்டால் போதும், ஆள் காலி. எல்லா உயிரும் போனால் மறுபடி முதலிலிருந்து. ஏழு கட்டங்களாம். நாங்கள் நான்காவதைத் தாண்டியதே இல்லை. கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போனதுதான் மிச்சம்.

இரண்டு பேர் ஆடலாம். நீல ஆள் நான். சிவப்பு ஆள் அவன். ஆளுக்கு ஐந்து உயிர்.

இதில் ஒரு விதி உண்டு. ஒருவனுக்கு உயிர் தீர்ந்துவிட்டால் அவனுடைய ஆள் தரையில் கிடந்து மின்னுவான். அப்போது அவன் தன் ஜாய்ஸ்டிக்கில் நடுப் பட்டனை அமுக்கினால், அடுத்தவன் கணக்கிலிருந்து ஓர் உயிர் இவனுக்கு வந்துவிடும். கேட்கத் தேவையில்லை. அடுத்தவனும் தானாகவே கொடுக்கலாம், அதே பட்டன்தான். நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. கொடுப்பதற்கு அவன் எங்கே நேரம் விட்டான்? சாகிறதுக்கு முன்னாலேயே கட்டைவிரல் அந்தப் பட்டன் மேல் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை தோற்ற கோபத்தில் அவன் தன் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் அடித்தான். ரேடியோ ரிப்பேர்காரர் சரி செய்து கொடுத்தபோது உள்ளே இரண்டு ஒயர்கள் இடம் மாறிவிட்டன. சுடுகிற பட்டனை அமுக்கினால் வெடிகுண்டு விழும். வெடிகுண்டுப் பட்டனை அமுக்கினால் சுடும். "திரும்பக் குடுத்து மாத்திக்கலாம்" என்றேன். "போடா, பழகிடும்" என்றான். பழகியும்விட்டது. எவ்வளவு பழகியது என்றால், அடுத்த வீட்டில் போய் நல்ல ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் சுடுவதாக நினைத்து வெடிகுண்டைத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டு சாவான். அந்தத் தெருவில் அப்படிச் சாகிறவன் அவன் ஒருவன்தான்.

அன்று காலை அந்த ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, ஒயர்களை மாற்றிப் பற்றவைத்து, சரி செய்து வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 2.40. அம்மா சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். பழைய குண்டு டிவியில் பெட்டியை மாட்டினேன். கேசட்டை ஊதிச் செருகினேன். அதே கரகர இசை. சிவப்பு ஆளின் ஜாய்ஸ்டிக்கைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். இரண்டு பேர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். என்னுடையது சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு, அதையும் பார்க்கலாம் என்று எண்ணம்.

நீல ஆளைத் திரையில் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். அங்கே நின்றால் தோட்டா படாது. சிவப்பு ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம் குதித்தான்.

மூன்று முறை. டொக்... டொக்... டொக்.

பற்றவைத்ததில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். தொழில் புத்தி. ஆனால் ஒன்று மனதை உறுத்தியது. ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அண்ணன் மூன்று முறை குதிப்பான். ராசியாம்.

சிவப்பு ஆள் நடக்க ஆரம்பித்தான். குழிக்கு முன்னால் நின்றான். மேலிருந்து விழும் கல்லுக்குக் காத்திருந்தான். கல் விழுந்த பிறகு தாண்டினான். ஒயர் ஒட்டிக்கொண்டால் ஆள் ஓடுவான். காத்திருக்க மாட்டான்.

முதல் எதிரி வந்தான். சிவப்பு ஆள் நின்றான், குறி பார்த்தான்...

வெடிகுண்டு காலடியில் விழுந்தது. செத்தான்.

மறுபடி எழுந்தான். மறுபடி எதிரி. மறுபடி காலடியில் வெடிகுண்டு.

நாற்காலியைப் பார்த்தேன். ஜாய்ஸ்டிக் அதன்பாட்டில் கிடந்தது. யாரும் இல்லை.

மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. சிவப்பு ஆள் தரையில் கிடந்து மின்னினான்.

க்ளிக்.

நாற்காலியிலிருந்து வந்த சத்தம். என் கணக்கில் ஐந்து நான்காயிற்று. சிவப்பு ஆள் எழுந்து நின்றான்.

மணியைப் பார்த்தேன். 2.52. புகார் வந்தால் முதலில் நேரத்தைப் பார்ப்பது எங்கள் வேலையில் பழக்கம். பயந்தபோதும் கண் அங்கேதான் போனது.

எழுந்து போய் அவன் ஜாய்ஸ்டிக்கின் ஒயரைப் பிடுங்கினேன். பிளக் என் கையில் தொங்கியது.

சிவப்பு ஆள் நடந்துகொண்டிருந்தான்.

மெதுவாக நடந்தான். பெட்டிக்குப் பின்னால் நின்ற என் நீல ஆள் பக்கத்தில் வந்தான். பக்கத்திலேயே நின்றான். வெகுநேரம் நின்றான். சின்ன வயதில் ஒருநாளும் எனக்காக நின்றவன் இல்லை.

அப்போது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூக்கக் குரல்.

"ரெண்டு பேரும் சண்டை போடாம விளையாடுங்கடா..."

எட்டிப் பார்த்தேன். அம்மா கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டப்பென்று வெடித்தது. திரும்பினேன். சிவப்பு ஆள் கிடந்தான், மின்னினான்.

க்ளிக்.

நான்கு, மூன்றாயிற்று. மணி 3.05.

இந்த முறை அவன் எதிரியைப் பார்த்தும் சுடவில்லை. தயங்கினான். எந்தப் பட்டன் என்று யோசிக்கிறவனைப் போல நின்றான். டேய், மாத்தி அமுக்குடா... என்று என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அவன் பழைய பட்டனையே அமுக்கினான்.

கிடந்தான். மின்னினான்.

க்ளிக்கிற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

மின்னிக்கொண்டே இருந்தான். கார் கழுவும் தண்ணீர் நின்றுபோயிருந்தது. இசையும் நின்றுவிட்டது. திரையில் வேறு எதுவும் அசையவில்லை. அவன் எடுக்கவில்லை. எடுக்காமல் மின்னினான்.

என் கட்டைவிரல் நடுப் பட்டன் மேல் இருந்தது. அமுக்கினால் போதும்.

எனக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் ஆத்திரம் வந்தது. பைக் ஞாபகம் வந்தது. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்ட ராத்திரிகள் ஞாபகம் வந்தன. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் "மூத்தவர் எங்கே?" என்று கேட்டு எழுந்துபோனது ஞாபகம் வந்தது.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து இதையும் எடுத்துக்கறியா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

சுவிட்சை அணைத்தேன்.

மணி 3.20.

4.35க்கு அம்மாவின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வேறு ஊர், ஓர் ஆஸ்பத்திரி. ஒருவர் நெஞ்சு வலியோடு மத்தியானம் தனியாக வந்து சேர்ந்தாராம். அவர் போனில் 'வீடு' என்று இந்த நம்பர் இருந்ததாம். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

"தம்பி" என்றேன்.

பெட்டி வாங்குகிறவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, வாசலில் நின்று காலிங்பெல்லை அடித்துக்கொண்டிருந்தார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அம்மாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"மத்தியானம் வந்தானே. சாப்பிடாமயா போனான்?"

ராத்திரியே போய்ச் சேர்ந்தோம். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்து, அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸிடம் பேசினேன். இளைஞர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரொம்பப் போராடினோம் சார். ரெண்டு தடவை நெஞ்சு நின்னு போச்சு. ரெண்டு தடவையும் திரும்பி வந்துட்டார். மூணாவது தடவைதான்..."

"எத்தனை மணிக்கு?"

"கடைசியா மூணு இருபது. முதல் தடவை நின்னப்ப மூணு ஆக இன்னும் எட்டு நிமிஷம் இருந்துச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"வலி தெரியலைன்னு நெனைக்கறேன் சார். நினைவே இல்லை. வலது கை கட்டைவிரல் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. எதையோ அமுக்கற மாதிரி."

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"கடைசியில அந்த விரலும் நின்னுடுச்சு. அப்பதான் வாயைத் திறந்தார். ஒரே ஒரு தடவை."

"என்ன சொன்னான்?"

"'டேய், இன்னொன்னு குடுடா'ன்னார். தண்ணி கேக்கறாரோன்னு உதட்டை நனைச்சு விட்டேன்."

அவன் வாழ்நாளில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறான்.

நான் சுவிட்சை அணைத்தபோது என் கணக்கில் மூன்று உயிர் இருந்தது.