பின் அச்சில் ஒரு சத்தம்

என் கடைசி மகளுக்கு நாலு வயசாகியும் முடி இறக்கவில்லை. பிறந்த முடி அப்படியே வளர்ந்து பாதி முதுகு வரை வந்துவிட்டது. தினமும் காலையில் என் மனைவி அவளை முன்னால் உட்கார வைத்துச் சிக்கெடுப்பாள். பிள்ளை அழும். நான் திருநீறு பூசிக்கொண்டே அந்த அழுகையைக் கேட்பேன். மைசூரில் எங்கள் வீட்டில் நாலு வருஷமாகப் பொழுது அப்படித்தான் விடிந்தது.

அது என் மனைவியின் வேண்டுதல். மூன்று மாதக் குழந்தைக்கு ஜுரம் வந்து கண் செருகிப்போனபோது, பிழைத்தால் என் கையாலேயே தூக்கிவந்து மாதேஸ்வரன் மலையில் முடி இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை பிழைத்தது. வேண்டிக்கொண்டவள்தான் போகமுடியவில்லை. பஸ் ஏறினால் அவளுக்கு வாந்தி. சும்மா ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நினைவு தப்பும் வரைக்கும் வாந்தி. முதல் தடவை நரசிபுரத்தில் இறக்கி, சத்திரத்துத் தரையில் படுக்க வைத்து, மாட்டு வண்டி பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த வருஷம் அந்த நரசிபுரம் வரைகூடப் போகவில்லை. மாட்டு வண்டியிலேயே முழுக்கப் போகலாமென்றால் போக நாலு நாள், வர நாலு நாள், நடுவில் காடு. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிப் போகலாமே என்று ராமாபுரத்திலிருந்து மச்சினன் ஆள் அனுப்பிக் கேட்டான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவன்தான். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் சாப்பிடவும் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கார் வாங்கலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மண்டி மொகல்லாவில் அண்ணனும் நானும் எண்ணெய்க் கடை வைத்திருந்தோம். அண்ணன் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர். எல்லாரும் உட்காரணும், பின்னால் நாலு டின் எண்ணெய் ஏறணும், வழியில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் வண்டி என்றார் அவர்.

எனக்கு அதற்குமேலும் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நான் மூன்று வருஷம் கரி பஸ் ஓட்டினேன். பின்னால் அண்டா மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற பஸ். சின்ன ஏற்றம் வந்தாலும் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். கால் வைத்து அமுக்கினால் வண்டி பாயவேண்டும், வளைவில் கை சொன்னபடி கேட்கவேண்டும், ஆயுசில் அப்படி ஒரு வண்டி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று அந்த மூன்று வருஷமும் நினைத்துக்கொண்டே இருந்தேன். சாமியிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கம். பிள்ளையின் வேண்டுதலைச் சொல்லித்தான் வண்டி கேட்டேன். எந்த மாதிரி வண்டி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

புது வண்டிக்கு எங்களுக்கு வழியில்லை. பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், பாதிப் பேச்சு கன்னடமாக இருக்கும், கெட்டிக்காரர். எந்த வண்டியானாலும் சாமுண்டி மலையில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது அவர் சட்டம். எனக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துத்தான் எந்த வண்டியையும் பார்ப்பது. வாந்திக்கென்று மூடி போட்ட பித்தளைத் தூக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் வருவாள். மற்றவர்கள் இஞ்சினைப் பார்த்து வண்டி வாங்குவார்கள். நான் அந்தத் தூக்கைப் பார்த்து வாங்கவேண்டியிருந்தது.

முதலில் பார்த்தது ஒரு சின்ன இங்கிலீஷ் வண்டி. பச்சை நிறம். உட்கார்ந்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் போதும், திரும்பும். மலையின் முதல் வளைவில் ஏறும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காரணமே இல்லாமல். முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஒவ்வொரு வளைவிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஸ்வல்ப மெதுவா போலாமே எஜமானரே, எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல" என்றார்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் பின்னால் தூக்கின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பிள்ளை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. வண்டி சின்னது, பெட்ரோல் நெடி உள்ளே வருகிறது, அதனால்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன். மனசில்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது, ஒரு பெரிய அமெரிக்க வண்டி. ஒரு கல்யாண கோஷ்டியே உட்காரலாம். அண்ணன் பார்த்துவிட்டு இதுதான் வண்டி என்றார். ஓட்டினால் பரிசலில் போகிற மாதிரி இருந்தது. திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. நஞ்சன்கூடு ரோட்டில் கபினிப் பாலம் வரை என் மனைவி தாங்கினாள். பாலத்தில் மூடி திறந்தது. அவள் முகம் வெளுத்துக் கிடந்தபோது எனக்குள்ளே ஒரு மூலையில், அப்பாடா, இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைத்துவிட்டதே என்று தோன்றியது. இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் எனக்கும் சலித்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வந்து வண்டி பார்ப்பது, அவளைக் கூட்டிப்போவது, அவள் சுருண்டு படுப்பது, மறுநாள் காலையில் பிள்ளையின் சிக்கு. ஒருநாள் அவளே சொன்னாள்: "போதுமுங்க. பிள்ளை பெருசாகி அவளே நடந்து போயிருவா." பிறகு எழுந்து போய் அந்தத் தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

மூன்றாவது வண்டியை மெக்கானிக்கின் பிடிவாதத்தால்தான் போய்ப் பார்த்தேன். நடுத்தர அளவு, கறுப்பு, கதவு அகலம், கூரை உயரம். இஞ்சின் நல்ல இஞ்சின். ஆனால் பின் அச்சில் ஏதோ முனகல் இருக்கிறது, மலை ஏறும்போது பின்னால் உட்கார்ந்து காது வைத்துக் கேட்டால்தான் பல்சக்கரம் தேய்ந்ததா இல்லையா என்று சொல்லமுடியும் என்றார். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அந்நிய ஆண் பக்கத்தில் அவள் எப்படி உட்காருவாள். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். எங்கள் வீடுகளில் பெண்கள் முன் சீட்டில் உட்காருவதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தாள்.

வண்டி சொன்னபடி ஏறியது. ஸ்டீயரிங் முதலில் கனம், வேகம் பிடித்ததும் இலகுவாகிவிடும். இரண்டாவது கியரில் முணுமுணுக்காமல் மலை ஏறியது. பச்சை வண்டி மாதிரி துள்ளவில்லை, ஆனால் கை சொன்னதைக் கேட்டது. எனக்கும் கொஞ்சம் வேகம் வந்துவிட்டது. நந்தி இருக்கிற இடத்துக்கு வந்து நிறுத்தியபோதுதான் கவனித்தேன், தூக்கு மூடியபடியே இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பின்கதவைத் திறந்து இறங்கி, அங்கேயே ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பல்சக்கரம் தேஞ்சிருக்கு. ஓடறதுக்கு ஒண்ணும் ஆகாது, சாமான் பம்பாயிலிருந்து வரணும். அது கெடக்கட்டும் எஜமானரே. நீங்க ஓட்டற ஓட்டத்துக்குப் பின்னாடி உக்காந்தா எனக்கே வயித்தைப் புரட்டுது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க. முன்னால உக்காந்தா ரோடு தெரியுது. எப்ப வளைப்பீங்கன்னு தெரியுது. பின்னால உக்காந்தா உங்க முதுகுதானுங்க தெரியுது."

இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றேன். "எனக்கென்னங்க தெரியும், நான் எப்ப முன்னால உக்காந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

அந்தப் பச்சை வண்டி இன்னும் இருக்கிறதா என்று மெக்கானிக்கைத் தனியே கேட்டேன். போன வாரமே ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பிறகு பல வருஷம் அந்த வக்கீல் அதைக் கடைத்தெருவில் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டு வண்டியாக ஓட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு வண்டியை வாங்கினோம், முனகலோடு.

மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பிய அன்று விடிகாலையில் கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாரும் வாசலுக்கு வந்தோம். அண்ணன் வெளுத்த வேட்டியும் துண்டுமாக வந்தார். நேராக முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் செய்ததில் தப்பே இல்லை. அது அவருடைய இடம். அவளுக்கு முன்னால் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி பெண்டாட்டி முன்னால், குடும்பத்துக்குப் பெரியவர் பின்னால் என்றால் தெருவே பார்க்கும். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் உள்ளே தள்ளி, கடைசிப் பிள்ளையை மடியில் வைத்து, தூக்கைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

கரி பஸ் போகிற வேகத்தில் போனேன். கண்ணாடியில் எலுமிச்சம்பழம் அவள் மூக்கோடு இருந்தது தெரிந்தது. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது, சாமி பேர்தான். நாலு வருஷம். இந்தத் தடவையும் திரும்பினால் அவள் இனி வண்டியே ஏறமாட்டாள். வருணா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் என்னவென்று கேட்டார்.

"பின் அச்சுல ஒரு சத்தம் வருதுங்கண்ணா. முன்னால இருந்து எனக்குச் சரியா கேக்க மாட்டேங்குது. காது கூர்மையா இருக்கறவங்க பின்னால உக்காந்து கேட்டாத்தான் தெரியும். சத்தம் பெருசானா நிறுத்திரோணும். காட்டுல போய் நின்னுட்டா பிள்ளைகளோட சிரமமுங்க."

"ஏன், அவ கேக்க மாட்டாளா?"

"அவளுக்கு வண்டிச் சத்தம் என்னங்கண்ணா தெரியும்."

இதைச் சொன்னபோது என் மனைவி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, பின்னால் போனார். அவள் பிள்ளையோடு முன்னால் வந்தாள். வேண்டுதலுக்குப் போகிற வழியில் பொய் சொல்கிறோமே என்று இருந்தது. சத்தம் இருப்பது நிஜம்தானே மாதேஸ்வரா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. சீட்டின்மேல் காதை வைத்துக்கொண்டே வந்தார். இப்போது இருக்கிறது, இப்போது இல்லை, பாலத்தில் வேறுமாதிரி கேட்கிறது என்று மைலுக்கு ஒரு தரம் சொன்னார். நரசிபுரத்தைத் தாண்டினோம். சத்திரம் பக்கமாகத்தான் போனோம், அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்பால் புளியமரங்களுக்கு நடுவே ரோடு நூல் பிடித்த மாதிரி போனது. "ஒண்ணும் பண்ணலீங்க, போங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அமுக்கினேன். வண்டி நன்றாகவே பாய்ந்தது. நான் ஆசைப்பட்டது அந்த ஒரு மைல் கிடைத்தது.

"தம்பி, சத்தம் பெருசாகுதப்பா" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. காலை எடுத்துவிட்டேன்.

கொள்ளேகால் அப்போது மைசூரில் சேரவில்லை, கோயமுத்தூர் ஜில்லா. அங்கே மதுவிலக்கு. எல்லையில் வண்டியை மறித்து பாட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். கோயில் விளக்குக்கு எடுத்துப்போன எண்ணெய் டின்னைப் போலீஸ்காரர் தட்டிப் பார்த்தார். என் மனைவியின் காலடியில் இருந்த தூக்கை எடுத்து, மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். காலித் தூக்கை எதற்கம்மா தூக்கிக்கொண்டு போகிறாய் என்று கேட்டார். அவள் அதை வாங்கி, மூடியைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு அவள் அழுதாள். பிள்ளை எலுமிச்சம்பழத்தை அவளிடம் நீட்டியது.

ராமாபுரத்தில் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அதற்குமேல் நடைதான். பிள்ளையை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, மூச்சு வாங்க நின்று நின்று அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள். மேலே மாமன் மடியில் உட்கார்ந்து பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. அந்த முடி ஒரு முறம் இருந்தது. நான் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

இறங்கி வந்து கிளம்பும்போது, அண்ணன் முன்கதவுப் பக்கமே போகவில்லை. பின்கதவைத் திறந்து, பிள்ளையின் சந்தனம் பூசின மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "எனக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு, நானே கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவர் இருந்தவரைக்கும் நான் கேட்டதில்லை. இரண்டு வருஷம் கழித்து மெக்கானிக் வீடு தேடி வந்தார், பம்பாயிலிருந்து சாமான் கிடைக்கிறது, வண்டியை விட்டால் ஒரே நாளில் முனகலை நிறுத்திவிடலாம் என்று. என் மனைவி உள்ளேயிருந்து அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டேன்.