க்யூவில் கிழிந்த ஹவில்தார்

கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறது வண்டி ஓட்டுற வேலைன்னு எவனோ சொல்லிட்டுப் போயிட்டான்; எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல என்கூட காஞ்சவங்களே, நீங்களே சொல்லுங்க, இது நிக்கிற வேலையா இல்லையா?

கை காட்டினா நிக்குமாம்

ஹார்பருக்குள்ள போக நிக்கிற லாரி க்யூவுல எனக்கு முன் வண்டி ஏழுமலை. "படி, பொழுது போவும்"னு ஒரு புக்கைக் குடுத்தான். ஹீரோ பேரு ஹவில்தார் கஜபதி. மிலிட்டரியை விட்டு வந்தவன், வூடு வாசல் கெடையாது. லாரியில தொத்திக்கினு ஊர் ஊராப் போவான், எறங்குற எடத்துல ரவுடிங்களைப் பொளப்பான், அடுத்த லாரி ஏறிடுவான். இப்படியே வரிசையா புக்கு கீதாம்.

கீழ வைக்க முடியல. ஆனா வந்துச்சு பாருங்க கோவம்! அவன் கை காட்டினா லாரி நிக்குது, ஏறினா பறக்குது. க்யூ இல்ல, செக்கிங் இல்ல. இது எந்த ஊரு லாரிடான்னு கத்தினேன். ஏழுமலை திரும்பிக்கூட பாக்கல. "அந்த லாரியும் இங்க வந்து நின்னா கத எப்டி நைனா நகரும்?"

தாமஸ் அண்ணன்

கன்டெய்னர் ஏத்துற யார்டோட கேட்ல செக்யூரிட்டி தாமஸ் அண்ணன், நெஜ மிலிட்டரியில இருந்தவரு. அவருகிட்ட புக்கைக் காட்டினேன். நின்னபடியே நாலு பக்கம் படிச்சாரு, மூஞ்சி செவந்துபோச்சு. "வருசா வருசம் உயிரோட இருக்கேன்னு நான் பேங்குல போய் நிக்கணும், இல்லாட்டி பென்ஷன் கட். இந்த தொர எந்த ஊரு பேங்குல போய் நிக்கிறாரு?"

மூணு துண்டு

எங்க க்யூ வழக்கம், புக்கு ஒண்ணு வந்தா கிழிச்சு ஆளுக்கொரு துண்டு. மொத துண்டு நான் படிச்சு முடிச்சு பின் வண்டி ஜானுகிட்ட போயிடுச்சு, நடுத்துண்டு என்கிட்ட, கடைசித் துண்டு ஏழுமலைகிட்ட. இந்தக் கதையில லாட்ஜு நடத்துற செல்வி கஜபதிக்குச் சோறு போட்டு, "போவாத, இங்கயே இருந்துடு"ன்னு கேக்குறா. அவன் பையோட வாசப்படியில நிக்கிறான். என் துண்டு அங்க முடிஞ்சிபோச்சு.

காலையிலேருந்து அசையாத க்யூ அப்பதான் அசையணுமா? ஏழுமலை ஹார்பர் கேட்டுக்குள்ள போறான். கஜபதி இருந்தானா போனானான்னு தொண்டை கிழிய கத்தினேன். ஜன்னல்ல தலைய நீட்டி அந்தக் கலீஜு பய சொல்றான்: "நானே இன்னும் பட்ச்சிகினுதான் கீறேன், மாமு!"

மணலி புதுநகர்

மூணு நாள் கழிச்சு வூட்டுக்குப் போனேன். கை கழுவாமலே என் சம்சாரம் மலர்கிட்ட வாசப்படி வரைக்கும் கதைய சொன்னேன். ஊரையே அடிச்சி ஜெயிச்சவன், ஒருத்தி ஆசையா இருன்னு சொன்னா இருக்கத் தெரியலன்னா அவன் இன்னா மனுஷன்னு குதிச்சேன். மலர் தட்டு வச்சா.

ரெண்டாவது வாய் உள்ள போறதுக்குள்ள யார்டுலேருந்து போன். அவசர லோடு, உடனே வரணும். பையைத் தூக்கிக்கினு வாசப்படிக்கு வந்துட்டேன். எனக்கே எரிச்சல், வயித்தெரிச்சல். மலர் தட்டை மூடிக்கினே சொன்னா: "அந்த ஹவில்தாரு போயிருப்பான். அதத் தெரிஞ்சிக்க எனக்குப் புக்கு வேணுமா இன்னா?"

கடைசித் துண்டை ஏழுமலை இன்னும் தரல, இனிமே தந்தா அவன் மூஞ்சிலயே விட்டெறிவேன்.