நேர்காணலிலிருந்து விலகிய நம்மவர்

என் பேத்தி பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டி விண்ணப்பித்திருந்த அந்தக் குளிர்காலத்தில், பர் துபாயில் என் மகன் நடத்தும் துணிக்கடையில் வேறு பேச்சே இல்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்நாட்டில் நிறுவியுள்ள கிளை அது. இடங்கள் மிகச் சில. உலகெங்கிலுமிருந்து மாணவர் போட்டியிடுவர். தேர்வு பெற்றவரின் கல்விச் செலவு முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்கும். அங்கு இடம் கிடைத்தால் அவள் விரும்பிய கட்டடக்கலையைப் பயிலலாம். கிடைக்காவிடில், விடுமுறையில் மட்டுமே அவள் கண்டிருந்த எங்கள் கடற்கரை ஊருக்கு அனுப்பி, அங்கு வாய்க்கும் ஏதேனும் ஒரு பட்டத்தைப் படிக்கவைப்பது என வீட்டில் முடிவாகியிருந்தது.

கடைக்கு வந்துபோவோர் அனைவரும் மாணவர் சேர்க்கையில் வல்லுநராயினர். பல்கலைக்கழகத்தார் நாடுதோறும் சிலரைப் பொறுக்கியெடுத்து நிறம் நிறமாய் ஒரு தோட்டம் அமைக்கிறார்கள் என்றார் ஒருவர். அத்தர் விற்கும் பக்கத்துக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்.

“நம்ம பிள்ளைங்க எல்லாம் நல்லா மார்க் எடுக்குதுல்ல காக்கா, அதான் வெனையே. நம்மாளுங்க போதும்னு கதவ அடச்சிருவான்.”

காக்கா என்பது எங்கள் ஊர் முஸ்லிம்களிடையே தமையனைக் குறிக்கும் சொல். அவர் என் மகனை அவ்வாறே அழைப்பார். விண்ணப்பத்தில் இனம் எதுவென்று கேட்ட இடத்தை வெறுமையாக விடும்படி அறிவுரை கூறியவரும் அவரே. பேத்தி அவ்விடத்தில் ‘தமிழ்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

முதற்கட்டத்தில் தேறியவர்களையும் பெற்றோரையும் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்திருந்தனர். மறுநாள் நேர்காணல். நானும் உடன் சென்றேன். தேர்வுக்குழுவினர் மூவர் ஒரு கூடத்தில் அமர்ந்து ஐயங்களுக்கு விடையளித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் கென்ய நாட்டு அம்மையார். மூன்றாமவர் முன்பிருந்த பெயர்ப்பலகையில் ஐயத்திற்கிடமின்றி ஒரு தமிழ்ப் பெயர். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என் மகனோ அதற்குள் அம்மேசையருகே போய் நின்றிருந்தான்.

“அண்ணே, நம்ம ஆளுதானே நீங்க. இது எம் மவ. நாளைக்கு இன்டர்வியூ. கொஞ்சம் பாத்துக்குங்க.”

தமிழில் ‘பார்’ என்பது கண்ணின் தொழில். ‘கொள்’ என்னும் துணைவினை வந்து ஒட்டியதும் அது சலுகையின் தொழிலாகிவிடுகிறது. இவ்வேறுபாட்டை இலக்கண வகுப்புகளில் பல்லாண்டு விளக்கியவன் நான். அன்றுதான் அதன் விளைவைக் கண்ணெதிரே கண்டேன். அவர் எழுந்து நின்றார். யாழ்ப்பாணத்துத் தமிழில், மிக மென்மையாகச் சொன்னார்.

“ஓம், நானும் தமிழ்தான். ஆனா நீங்கள் பாத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிட்டியள். இனி உங்கட பிள்ளையின்ர இன்டர்வியூவில நான் இருக்க ஏலாது. குறை நினையாதேங்கோ.”

உடனே அருகிலிருந்த அம்மையாரிடம் திரும்பித் தாம் விலகுவதை ஆங்கிலத்தில் தெரிவித்தார். அந்த அம்மையார் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

 இருந்த ஒரே நம்மவரையும் தானே வெளியேற்றிவிட்டதாக வீடு திரும்பும் வழியெல்லாம் மகன் நொந்துகொண்டிருந்தான். நம் தோலைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள் என்று மாதக்கணக்கில் குமுறியவன், உள்ளே நுழைந்ததும் தேடியது நம் தோலை ஒத்த முகத்தைத்தான் என்பதை அவனிடம் எடுத்துச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேத்திதான் பின்னிருக்கையிலிருந்து பேசினாள். எங்கள் ஊரில் தந்தையை வாப்பா என்பதே வழக்கம்.

“விடுங்க வாப்பா, ஐ ஆம் ரெடி. அவர் உள்ள இருந்து கெடச்சா அது அவரால கெடச்சதும்பாங்க. இப்ப கெடச்சா அது எனக்கு.”

நேர்காணலில் நிகழ்ந்தவற்றை மறுநாள் அவள் சொல்லக் கேட்டோம். ஆங்கிலேயர் கேட்ட முதற்கேள்வியே நாங்கள் அஞ்சியதுதான்: உனக்கு நிகரான மதிப்பெண்ணுடன் உன் நாட்டவர் பலர் வந்திருக்கையில் உன்னை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? தன்னைத் தன் நாட்டவரோடு மட்டும் நிறுத்திப் பார்க்காமல், வந்திருக்கும் எல்லாரோடும் நிறுத்திப் பார்க்குமாறு அவள் வேண்டியிருக்கிறாள். பிறகு கடைத்தெருவின் நிழலைப் பற்றிக் கூறியிருக்கிறாள். கோடையில் எங்கள் கடைமுன் கட்டும் தடித்த துணியின் கீழே நண்பகலில் நிற்கவே இயலாது. அவள் கடையில் மிஞ்சிய மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிகளை, இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகக் கட்டி, வெப்பமானி வைத்து அளந்திருந்தாள். தடித்த துணியின் கீழ் இருந்ததைவிட அங்கு வெப்பம் நன்கு தணிந்திருந்தது. கென்ய அம்மையார் அவளை எழுப்பிப் பலகையில் வரையச் சொன்னாராம். காற்று எவ்வழி நுழையும், மணற்புயல் அடித்தால் என் செய்வாய் என ஆங்கிலேயரும் எழுந்து வந்து வினவினாராம். குறித்த நேரம் கடந்ததை அவளும் அவ்விருவரும் மறந்திருந்தனர். அடுத்த மாணவர் கதவைத் தட்டியபின்தான் அவளை விட்டார்களாம்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நாங்கள் உணவுக்கு அமர்ந்தபோது அவள் செல்பேசியில் வந்தது. அவள் படித்தாள், மறுபடியும் படித்தாள், பின் எழுந்து தன் தாயைக் கட்டிக்கொண்டாள். என் மகன் சோற்றுக் கையோடு அழுதான். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். வீட்டார் இதைப் படிப்பார்கள்.

அன்று மாலை கடையில் கூட்டம் நிரம்பியது. வந்தோர்க்கெல்லாம் அல்வா. அத்தர்க் கடைக்காரர் மட்டும் நம்புவதாக இல்லை. உள்ளே நம்ம ஆள் யாரோ இருந்திருக்க வேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள் என்று விடாமல் துளைத்தார்.

“இருந்தாரு. நம்மளக் கண்டதும் எந்திரிச்சுப் போயிட்டாரு” என்றான் என் மகன். அவன் அவ்வளவு பெருமிதத்துடன் பேசி நான் கேட்டதில்லை.

அவளைச் சேர்க்கச் சென்ற நாளில் அந்த யாழ்ப்பாணத்தார் தாமாகவே எங்களைத் தேடி வந்தார். என் மகன் தடுமாறி வணக்கம் சொன்னான். அவர் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

“இனி அவசரமில்லாம ஆறுதலாக் கதைக்கலாம். அண்டைக்கு நான் கேக்கவே இல்லை, உங்களுக்கு எந்த ஊர்?”

மகன் ஊரைச் சொன்னான். அவர் தம் ஊரைச் சொன்னார். இரண்டும் ஒரே கடலின் இரு கரைகள். எந்தக் கரையில் மீன் சுவை மிக்கது என்று வழக்கு மூண்டது, நானும் அதில் நுழைந்தேன். பேத்தியின் நினைவு வந்து நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவள் அருகில் இல்லை. எங்களிடம் விடைபெறவும் பொறுமையின்றி, பல நாட்டுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வகுப்பறைக் கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.